மேற்குச் சரிவின் ஈயம்

பாரிசான் மலை முகாம், சுமத்ரா
29 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ரகுபதி எழுதுகிறேன். இரண்டாவது பெட்டி இத்துடன் வருகிறது. மேலே கடிதம், அடியில் கல். போன தடவை மாதிரி அண்ணன் பெட்டியைத் தலைகீழாகத் தூக்கியிருந்தால் கல்லுக்கு அடியில் கடிதம் இருக்கும். அதற்கு என்னைத் திட்டாதீர்கள், உங்கள் வீட்டுக்காரரைத் திட்டுங்கள்.

உங்கள் லேபின் முதல் அட்டவணை கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். கிழக்குச் சரிவில் எடுத்த மூன்று கல்லிலும் மேற்குச் சரிவில் எடுத்த இரண்டு கல்லிலும் ஒரே ஈயம். ஆறு வருடமாக நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.

சாம்பல் எப்படிக் கல்லாகும் என்று ஒருமுறை கேட்டீர்கள். எரிமலையிலிருந்து மேலே போகிற புகைத்தூண் சில சமயம் தன் பாரத்தைத் தானே தாங்காமல் சரிந்துவிடும். சரிந்த சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கக் கொதிக்க மலையிறங்கி ஓடிப் பள்ளங்களை நிரப்பும். அந்தச் சூட்டிலேயே ஒட்டி, இறுகிக் கல்லாகிவிடும். இங்கே முகட்டின் இரண்டு பக்கமும் அந்தக் கல்தான். கிழக்கே சாம்பல் நிறம், மேற்கே இளஞ்சிவப்பு. நிறத்தைப் பார்த்து எல்லோரும் இரண்டு எரிமலை என்கிறார்கள். நான் ஒன்று என்கிறேன். நிறத்தை நம்ப முடியாது. கல்லுக்குள் இருக்கிற படிகமணியை நம்பலாம். அது பூமிக்கு அடியில் எந்தக் குழம்பில் விளைந்ததோ, அந்தக் குழம்பின் ஈயம்தான் அதிலும் இருக்கும். ஈயத்தில் நாலு வகை. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்தால் பிறந்த வயிறு தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டியில் எட்டுக் கல், எட்டும் மேற்குச் சரிவு. கல்லை உடைத்து மணி பொறுக்க லேபில் உங்களை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. ஆகஸ்ட் 31-க்குள் முழு அட்டவணை பேராசிரியர் ஞானசேகரன் மேசைக்குப் போகவேண்டும். இரண்டு முறை அவகாசம் வாங்கிவிட்டேன், மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தேதி தப்பினால் ஆறு வருடமும் ஆற்றில் போட்ட மாதிரிதான்.

இங்கே கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. சாட்டிலைட் போன் ஒன்று இருக்கிறது, தலைபோகிற காரியத்துக்கு மட்டும். ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை ஜீப், ஜீப்புக்குப் பிறகு பாடாங் விமானம், விமானத்துக்குப் பிறகு சாங்கி விமான நிலையத்தில் அண்ணன் வேலை செய்கிற சரக்குக் கூடத்தில் அவர் கையெழுத்து. திரும்பி வரும் காலிப் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாய் வையுங்கள்.

ரகுபதி


தேக்கா, சிங்கப்பூர்
18 ஜூலை 2024

(இது பெட்டியில் போகவில்லை. என் கைப்பையில் இருக்கிறது.)

ரகு,

உன் அண்ணனுக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி. இரண்டு மாதமாகச் சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது, மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஷிப்டில் மயங்கி விழுந்த பிறகுதான் கூட வேலை செய்கிற திலீப் சொல்லி எனக்குத் தெரியும். சிறுநீரகத்தோடு எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பார்களாம். ஆகஸ்ட் 30 தேதி கொடுத்திருக்கிறார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று எடுத்த பிறகுதான் தெரியும்.

உனக்குச் சொல்லவேண்டும் என்றேன். "அவன் படிப்பு முடியட்டும். இப்ப இறங்கி வந்தான்னா திரும்ப ஏறமாட்டான் லா. நீ சொன்னேன்னா நான் ஆப்பரேஷனுக்கே போகமாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கோபத்தில் சட்டியைப் போட்டு உடைத்தேன். சத்தியத்தை உடைக்க முடியவில்லை.

நேற்று ஆடி முதல் நாள். கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் நெற்றியில் குங்குமம் ஒரு நிமிடம்கூட அழியவிடமாட்டேன் என்று. பக்கத்து வீட்டு யாமினி இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் ஒன்று கொடுத்தாள், நல்ல சிவப்பு.

உன்னிடம் சொல்லாமல் இருப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் நீ என் முகத்தில் விழிப்பாயா?


தேக்கா
19 ஜூலை 2024

அன்புள்ள ரகுபதிக்கு,

எல்லோரும் சௌக்கியம். அண்ணனுக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி, அதனால்தான் எழுதவில்லை. உன் மேற்குச் சரிவு மணிகளை நேற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். கடுகில் பாதி இருக்கிறது ஒவ்வொன்றும். ஒரு கல்லுக்கு நாற்பது மணி, கண் பூத்துப்போகிறது. எண்கள் அடுத்த வாரப் பெட்டியில் வரும். ஊறுகாய் வைத்திருக்கிறேன். சமையல்காரருக்கும் கொடு.

சாமுண்டீஸ்வரி


பாரிசான் மலை முகாம்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

தலை சுற்றுகிறது. எட்டுக் கல்லில் ஒன்றுகூட ஜூன் மாத எண்ணோடு ஒத்துப்போகவில்லை. சரி, மேற்குச் சரிவு வேறு எரிமலைதான், தலைவிதியே என்று ஒப்புக்கொள்ளலாம் என்றால், ஜூனில் நீங்கள் பார்த்த இரண்டு மேற்குக் கல் கிழக்கோடு ஒத்துப்போயிற்றே, அது எப்படி? இதில் இன்னொரு கூத்து, எட்டும் தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. ஒரு சரிவில் எட்டு எரிமலையா?

மூன்று நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கல்லும் எடுத்த இடத்தைக் குறிப்பேட்டில் மறுபடி பார்த்தேன். என் பக்கம் தப்பு இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக்கூடாது. பை மாறியிருக்குமா? பாலித்தீவில் கல் எடுக்கிற அந்த இன்னொரு மாணவனின் கற்களும் அதே அலமாரியில்தானே இருக்கின்றன? பன்னிரண்டு வருட அனுபவம் உங்களுக்கு, தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் பெட்டியில் கிழக்கு நான்கு, மேற்கு நான்கு வைத்திருந்தேன். அதையாவது தனியாக வைத்துப் பொறுக்குங்கள்.

ரகுபதி


தேக்கா
9 ஆகஸ்ட் 2024

ரகுபதிக்கு,

பை மாறவில்லை.

அந்த அலமாரியில் யாருடைய பை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். கல் எடுத்த இடத்தைக் குறிக்காமல் வந்து என்னிடம் முழித்த காலத்தில் உனக்குப் பையில் எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். மெட்டியைக்கூடக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்கிறவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?

மூன்றாம் பெட்டியும் முடிந்தது. தனியாக வைத்துத்தான் பொறுக்கினேன். இப்போது கிழக்கும் புரண்டுவிட்டது. ஜூனில் ஒழுங்காக இருந்த அதே பாறைமுகம். நான்கு கல்லுக்கு நான்கு எண். இதற்கு என்ன சொல்கிறாய்? கிழக்கிலும் நாலு எரிமலை வைக்கலாமா?

ஈயம் அளக்கிற எந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். விடை தெரிந்த பாறைத்தூளை ஓட்டினேன், சரியான விடை வந்தது. மணியைக் கழுவிக் கரைக்கிற அமிலத்தைச் சந்தேகப்பட்டேன். கல்லே போடாமல் வெறும் அமிலத்தை ஓட்டினேன், சுத்தமாக வந்தது. எந்திரம் சரி, அமிலம் சரி, நானும் சரி, நீயும் சரி. பிறகு எதுதான் தப்பு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று தேசிய தினம். விமானங்கள் வீட்டுக்கு மேலே பறந்து ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அண்ணன் படுத்திருக்கிறார். விடுமுறை அல்லவா.

சாமுண்டீஸ்வரி


பாரிசான் மலை முகாம்
17 ஆகஸ்ட் 2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் மேற்குப் பாறைமுகத்துக்கு மறுபடி ஏறினேன். வழிகாட்டி ரிசால் "ஈரமா இருக்கு, வேண்டாம்" என்று மலாயில் தலைதலையாய் அடித்துக்கொண்டார். பாதியில் கால் வழுக்கி முட்டி வீங்கிவிட்டது. தாங்கித் தாங்கித்தான் நடக்கிறேன். இதை அண்ணனிடம் சொல்லவேண்டாம். கோபத்தில் செய்தது. கோபம் உங்கள் மீதா, மலை மீதா என்று அப்போது தெரியவில்லை.

மன்னியுங்கள். பையைப் பற்றி நான் கேட்டிருக்கக்கூடாது.

படுத்த படுக்கையாக இரண்டு நாள் கிடந்ததில் ஒரு காரியம் செய்தேன். இதுவரை வந்த எல்லா எண்ணையும் ஒரே தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். கிழக்கு மேற்கு என்று பிரிக்காமல். அண்ணி, அத்தனையும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கோட்டின் ஒரு முனையில் ஜூன் மாதத்து ஐந்து புள்ளிகளும் கொத்தாக இருக்கின்றன. மற்றவை சிலது கொஞ்சம், சிலது அதிகம் என்று மறுமுனைப் பக்கம் இழுபட்டிருக்கின்றன. பதினாறு எரிமலை இப்படி வரிசையில் நிற்காது. மோரில் தண்ணீர் கலந்த மாதிரி, என் மணிகளின் ஈயத்தோடு வேறு ஒரே ஓர் ஈயம் கலந்திருக்கிறது. மறுமுனை எங்கே போகிறது என்று கோட்டை நீட்டினேன். இந்த மலைத்தொடரிலேயே அப்படி ஈயம் கிடையாது. எங்கோ மிகப் பழைய கண்டத்துச் சுரங்கத்தில் தோண்டியது. சாயங்களில் இருக்குமே, அந்த மாதிரி.

வெறும் அமிலம் சுத்தமாக வந்தது என்றீர்கள். அமிலமும் பாறைத்தூளும் மைக்ராஸ்கோப் மேசைக்கு வருவதில்லை. அங்கே வருவது என் மணிகள் மட்டும். ஜூலை நடுவில் அந்த மேசைக்குப் பக்கத்தில் புதிதாக என்ன வந்தது? சுவருக்குச் சாயம் அடித்தார்களா? யோசித்துப் பாருங்கள்.

ரகுபதி


தேக்கா
22 ஆகஸ்ட் 2024

ரகுபதிக்கு,

சாயம் அடிக்கவில்லை. நான்தான்.

உன் கடிதத்தை மேசையில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடியே யோசித்தேன். நிமிர்ந்தபோது கண் வைக்கிற வளையத்துக்கு மேலே, நெற்றி படுகிற இடத்தில், மெல்லிசாகச் சிவப்பு. ஆடி பிறந்ததிலிருந்து குங்குமம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். சுத்த அறைக்குள் போகும்போது தலைமூடி போட்டுக்கொள்கிறேன். மணி பொறுக்கும் அறையில் தலைமூடி கட்டாயம் இல்லை என்று சும்மா இருந்துவிட்டேன். குனிந்து நாற்பது மணி பொறுக்கி நிமிர்வதற்குள் எவ்வளவு உதிர்ந்ததோ. அமிலத்தில் கழுவியும் போகவில்லை.

என் நெற்றியிலிருந்து கொஞ்சம் எடுத்து எந்திரத்தில் ஓட்டினேன். நீ நீட்டிய கோடு அதன் மேல் போய் நின்றது. நல்ல சிவப்பு வேண்டும் என்று ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். யாமினியிடம் கேட்டேன், பொட்டலம் எங்கே வாங்கியது என்று அவளுக்கே நினைவில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகள் ஸ்டிக்கர் பொட்டோடு வந்தால்கூட வெளியே அனுப்பி எடுத்துவிட்டு வரச் சொல்கிறவள் நான். எனக்கே இது நடந்தது. அவமானமாக இருக்கிறது. உன் மேல் எரிந்து விழுந்ததற்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்?

மிச்சக் கல் இருக்கிறது. மறுபடி பொறுக்கினால் மூன்று நாள் வேலை. ஆனால் செப்டம்பர் இரண்டாம் தேதி முடியும்வரை என்னால் நெற்றியை அழிக்க முடியாது. தலைமூடி போட்டுக்கொண்டு செய்யலாமே என்பாய். புருவத்திலும் முடியிலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ, என் நெற்றியை இனி நானே நம்பமாட்டேன். ஏன் அழிக்க முடியாது என்று கேட்காதே. வேண்டுதல், அவ்வளவுதான். உன் 31-ஆம் தேதி எனக்கு மறக்கவில்லை.

சாமுண்டீஸ்வரி


பாரிசான் மலை முகாம்
26 ஆகஸ்ட் 2024

அண்ணி,

வீட்டில் யாருக்கு என்ன?

நான் மடையன். எண்ணைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை. போன வருட ஆடிக்கும் அதற்கு முந்திய ஆடிக்கும் நீங்கள் லேபுக்கு வெறும் நெற்றியோடுதான் போனீர்கள். உங்கள் அக்கா மகள் கல்யாணத்தன்றுகூட காலையில் மணி பொறுக்க வேண்டும் என்று மருதாணி வைத்துக்கொள்ளவில்லை. ஆடி என்பதற்காக நீங்கள் இதைச் செய்யமாட்டீர்கள்.

சாங்கியிலிருந்து திரும்பி வந்த ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஜூலை நடுவிலிருந்து வந்த நான்கிலும் திலீப்பின் கையெழுத்து. அண்ணன் எழுதி ஒரு வரி வரவில்லை. "அண்ணன் படுத்திருக்கிறார், விடுமுறை அல்லவா" என்று எழுதினீர்கள். விடுமுறை நாளில் பகலில் படுக்கிற மனிதரா அவர்?

அண்ணனுக்கு என்ன?

அட்டவணை நாசமாகப் போகட்டும். அதற்காக நீங்கள் நெற்றியை அழிக்கக்கூடாது, என் மேல் ஆணை. சாட்டிலைட் போனைக் கேட்டேன், அது பத்து நாளாகப் பழுது. இன்று ஜீப்பில் இடம் இல்லை, இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். பத்து நாள் காத்திருக்காமல் உடனே திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் ஏறிவிடுவேன். பாடாங்கிலிருந்து கூப்பிடுகிறேன். எடுங்கள்.

ரகு


சாங்கி சரக்குக் கூடம், திலீப் கையில்
31 ஆகஸ்ட் 2024

ரகுவுக்கு,

நேற்று நீ ஒன்பது தடவை கூப்பிட்டாய். எடுக்க முடியவில்லை. எடுத்தால் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதி திலீப்பிடம் கொடுத்திருக்கிறேன். நீ இறங்கியதும் தருவான். நின்றுகொண்டு படிக்காதே, முட்டி வலிக்கும். உட்கார்.

அண்ணனுக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி. ஜூலையிலேயே தெரியும். நேற்று ஆப்பரேஷன் ஆயிற்று. எடுத்துவிட்டார்கள். கண் விழித்துவிட்டார், தண்ணீர் கேட்டுச் சண்டை போடுகிறார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாள் ஆகும். நல்லதா கெட்டதா என்று டாக்டரைக் கேட்டால் "பார்ப்போம்" என்கிறார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இதற்குள் உனக்குக் கோபம் வந்திருக்கும். சத்தியம் வாங்கிக்கொண்டார் ரகு. ஜூலையில் உனக்கு எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று என் பையில் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக்கொள்.

அட்டவணை பேராசிரியர் மேசையில் இருக்கிறது. நேற்று மாலையே போய்விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

26-ஆம் தேதி, சர்க்கரையைக் கவனிக்க அண்ணனை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன் ஆணைக் கடிதம் அப்போது என் கையில் கிடைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து "என்ன?" என்றார். உன் ஆறு வருடம் என் நெற்றியால் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாள் வேலை?"

"மூணு நாள்."

"போய்ப் பொறுக்கு."

"எப்படிங்க? இன்னும் நாப்பத்தெட்டு நாள் ஆகல."

என் நெற்றியையே பார்த்தார். பிறகு கிட்டே வரச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் என் நெற்றியில் வைத்துவிட்டார். கையைப் பிடித்தேன். "இதை நீங்க செய்யலாமா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"வேற யாரு செய்யணும்?" என்றார். "நான் உயிரோட இருக்கேன். என் பொண்டாட்டி நெத்திய நான் தொடைக்கிறேன். எனக்காக வேண்டிக்கிட்டதுதானே, நானே வேணாங்கறேன் லா. அம்மன்கிட்ட என் பேரச் சொல்லு."

புருவத்துக்குள் போனதைக்கூடத் துடைத்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எம்ஆர்டி ரயிலில் லேபுக்குப் போகும் வழியெல்லாம் நானும் அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

தலைக்கு மூன்று முறை குளித்தேன். மேசையை அமிலத்தால் துடைத்தேன். தட்டு, இடுக்கி, தூரிகை எல்லாம் புதிது. அந்தப் பதினாறு கல் ஒவ்வொன்றிலும் மறுபடி நாற்பது மணி பொறுக்கினேன். 29-ஆம் தேதி கடைசி மணியை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, உன் கடிதம் மேசையில் இருந்தது. நெற்றியை அழிக்கக்கூடாது என்று ஆணை. நீயும் அவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆளுக்கொரு பக்கம் நின்று என்னை இழுக்கிறீர்கள்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்திரத்தை ஓட்ட அவரே நின்றார். நேற்று அண்ணனை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், அங்கே அதே நேரத்துக்கு உன் கல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குப் பேராசிரியர் போன் செய்தார். கிழக்கும் மேற்கும் ஒன்று ரகு. பதினாறு கல்லிலும். ஒரே எரிமலை. அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குத்தான் அந்தக் கதவு திறந்தது.

லேப் பதிவேட்டில் என் தப்பை என் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நீ உன் ஆய்வேட்டில் அதை எந்திரக் கோளாறு என்று மாற்றி எழுதி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். செய்யாதே. மற்றப் பிள்ளைகளின் கற்களையும் நான் ஜூலையில் பொறுக்கியிருக்கிறேன், அவர்களுக்கும் தெரியவேண்டும். மணி பொறுக்கும் அறைக்குக் கொஞ்ச காலம் வேறு ஆள் என்று பேராசிரியர் சொன்னார். நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது.

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வேண்டுதலை முடிக்கவில்லை, ஆனால் அவர் விழித்துவிட்டார். பத்து நாளில் வேறு பதில் வந்தால், முடிக்காமல் விட்ட அந்த நாட்களால்தான் என்று நான் சாகும்வரை நினைப்பேனா? மறுபடி வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் அம்மன் சேர்த்துக்கொள்வாளா? யாரைக் கேட்பது? கை அடிக்கடி நெற்றிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

வெளியே வந்ததும் டாக்சி எடு. லேபுக்குப் போகாதே, நேரே ஆஸ்பத்திரிக்கு வா, ஆறாவது மாடி. உனக்கு நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. உன்னைக் கண்டதும் "ஏன்டா இறங்கி வந்தே?" என்று கத்துவார், தையல் போட்ட வயிற்றோடு. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு.

இல்லை, வேண்டாம். இரண்டு மாதமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அண்ணி சொன்னாள், அதனால் வந்தேன் என்று சொல்.

சாமுண்டீஸ்வரி